அக்கா தங்கச்சி கதைகளைத் தேடுவோருக்கு நூலகம் தளம்: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாண நகரத்து வீடுகளில் அக்காவும் தங்கச்சியும் ஒருவரையொருவர் தாங்கியதையும் அதே வீட்டுக்குள் மனம் முறிந்ததையும் சொல்லும் கதைகளை வாசிக்க நினைப்பவர்களுக்கு, நூலகம் டொட் ஓர்க் அளவுக்கு உதவும் சேவை வேறில்லை. 2005 இல் தொடங்கிய எண்ணிம நூலகம் இது. வாசிக்கக் காசும் இல்லை. ஆனால் தேடல் பெட்டியில் ‘சகோதரிகள்’ என்று தட்டிவிட்டு வருவதை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தால் ஆசிரியர், நூல் வகை, வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்ற விபரங்கள் இருக்கும். வகை என்ற இடத்தில் ‘தமிழ்ச் சிறுகதைகள்’ என்றோ ‘தமிழ் நாவல்கள்’ என்றோ போட்டிருக்கும். கதை எந்த உறவைப் பற்றியது என்று அங்கே தெரியாது.

இந்தத் தளத்தின் உண்மையான பலம் இதழ்களில் இருக்கிறது. நகரத்து நடுத்தரக் குடும்பக் கதைகளில் பெரும்பகுதி முதலில் இதழ்களிலேயே வந்தது. பல கதைகள் எந்தத் தொகுப்பிலும் சேரவில்லை. 1946 இல் தொடங்கிய மறுமலர்ச்சி, 1966 தொடக்கம் டொமினிக் ஜீவா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய மல்லிகை, 1975 இல் வந்த அலை, 2007 இலிருந்து வரும் ஜீவநதி என்று வரிசையாகப் பார்க்கலாம். இதழ்ப் பக்கத்தில் ‘உள்ளடக்கம்’ என்ற பகுதி இருந்தால் அதை முழுவதும் வாசியுங்கள். தலைப்பை வைத்துக் கதையைத் தீர்மானிக்க வேண்டாம். தங்கச்சிக்காகக் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட அக்காவின் கதைக்கு ‘விடியல்’ என்றோ ‘பாரம்’ என்றோதான் பெயர் இருக்கும். எழுதியவரின் பெயரைப் பிடியுங்கள். அவருடைய மற்றக் கதைகளுக்கு அந்தப் பெயரே வழி. புனைபெயரிலும் இயற்பெயரிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். குறமகள் என்று எழுதியவர் வள்ளிநாயகி இராமலிங்கம் என்பது தெரியாதவருக்குப் பாதி வழி அடைபட்டுவிடும்.

சொல்லை வைத்துத் தேடுவதென்றால் ஊர்ச் சொல்லைப் போடுங்கள்: தமக்கை, தங்கச்சி, குமர் (கலியாணமாகாத பெண்), சீதனம், டொனேசன், மாற்றுச் சம்பந்தம் (இரண்டு வீட்டார் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது). ‘கல்யாணம்’, ‘கலியாணம்’ இரண்டையும் தேடுங்கள். ‘சீதனம்’ என்று தேடினால் ‘சீதனத்தை’ என்று எழுதிய பக்கம் தவறிவிடலாம் என்பதால் உருபு சேர்ந்த வடிவங்களையும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

டொனேசன் என்ற சொல் முக்கியமானது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் அந்தக் காசு பல குடும்பங்களில் மாப்பிள்ளையின் தங்கச்சிக்குச் சீதனமாக மறுபடி வெளியே போகும். ஒரு வீட்டுக் குமரைக் கரைசேர்த்த காசு அடுத்த வீட்டுக் குமருக்குப் போகிற இந்தச் சுற்றைத் தெரியாமல் வாசித்தால், அண்ணனின் கலியாணத்துக்கு அவசரப்படும் தங்கச்சி சுயநலக்காரியாகத் தெரிவாள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையையும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்த அந்த வழக்கத்தின்படி, சீதனம் பெற்றுப் போன மகளுக்குப் பெற்றோரின் மீதிச் சொத்தில் உரிமை இருக்கவில்லை. அவள் பிள்ளையில்லாமல் இறந்தால் அந்தச் சீதனம் சகோதரிகளின் பக்கம் போவதே அதன் விதியாக இருந்தது. அக்காவுக்கு எழுதிய வீட்டில் தங்கச்சி குடியிருக்கும் கதைகளின் நெருக்கடி இங்கேதான் பிறக்கிறது. தேசவழமை பற்றிய நூல்களும் இதே தளத்தில் உண்டு. ஒன்றையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கதைகளை வாசிப்பது நல்லது.

சில ஆவணங்களுக்கு ‘எழுத்துணரியாக்கம்’ என்ற இணைப்பும் இருக்கிறது; பக்கத்தின் படத்திலிருந்து கணினி தானாகப் பிரித்தெடுத்த எழுத்து அது. இடம் கண்டுபிடிக்க அது போதும். வாசிக்கவோ மேற்கோள் எடுக்கவோ அதை நம்ப வேண்டாம். இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்துபோகலாம். பழைய வடிவத்து ணை, லை, றா வேறு எழுத்தாக மாறும். பழுத்த தாளில் மறுபக்க மை ஊறித் தெரிவதும், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சடித்ததும் இன்னும் குழப்பும். அதிகம் சிதைவது பேச்சுத்தமிழ் உரையாடல். அக்காவும் தங்கச்சியும் முறுகிக்கொள்ளும் இடமே அதுவாக இருப்பதால் பீடிஎப்பைத் திறந்து மூலப் பக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அட்டையும் எண்ணிக்கையில் சேர்வதால் அச்சுப் பக்க எண்ணும் பீடிஎப் பக்க எண்ணும் ஒத்துவராது. ஒன்றிரண்டு பக்கம் முன்பின் தேடுங்கள்.

சிறுகதைக்குக் கைத்தொலைபேசி போதும், குறுக்காகப் பிடித்தால் பத்தி அகலத்துக்கு எழுத்துப் பெரிதாகும். பத்திரிகைப் பக்கங்களுக்குக் கணினித் திரை வேண்டும். அந்தப் பக்கங்களை விட்டுவிட வேண்டாம். 1959 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஈழநாடு போன்ற பத்திரிகைகளில் கதையோடு மணமகன் தேவை விளம்பரங்களையும் சேர்த்துப் பாருங்கள். கதையில் அக்கா எதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது விளங்கும்.

பெரிய குறை தொடர்கதைகளில் இருக்கிறது. இடையில் ஓர் இதழ் இல்லாவிட்டால் அத்தியாயம் ஒன்று போய்விடும். தங்கச்சி வீட்டை விட்டுப் போனதற்கான காரணம் அதிலேயே இருந்திருக்கலாம். 1981 இல் யாழ் பொது நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீடுகளில் இருந்த சேகரிப்புகளும் சிதறின. அதனால் தொடரைத் தொடங்குமுன் இதழ்ப் பட்டியலில் மாதங்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இடைவெளி இருந்தால் அதே கதை பின்னர் நூலாக வந்ததா என்று ஆசிரியர் பெயரில் தேடுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் அந்த மாதத்து இதழ் கிடந்தால் தாள்களைப் பிரிக்காமல், கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டாமல், அப்படியே நூலகத்தாரிடம் மின்வருட (ஸ்கான் செய்ய) கொடுக்கலாம்.