டீசல் லைன் சோதனைப் பெட்டி: ஆறு மாதப் பழக்கத்துக்குப் பிறகு

டீசல் வரும் பாதையில் காற்று புகுகிறதா, அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க உதவும் இந்தப் பெட்டியை வாங்கியபோது எனக்குக் கோபம் இருந்தது, அதுவும் என்மேல்தான். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் ஆறு இன்ஜெக்டர்களையும் கழற்றி, அவற்றின் முனையான நாசில்களைப் புதிதாகப் போட்டு, பெஞ்சில் அழுத்தம் சரிபார்த்து மாட்டியிருந்தேன். லாரி முன்பு போலவே நடுங்கிக்கொண்டிருந்தது.

இருபது வருடத்துக்கு மேல் உழைத்த ஆறு சிலிண்டர் வண்டி. சிலிண்டருக்கு ஒரு தண்டு வீதம் வரிசையாக வைத்து டீசலை அழுத்தித் தள்ளும் இன்லைன் பம்ப். கோளாறு எண் சொல்ல உள்ளே எந்தக் கம்ப்யூட்டரும் கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் பத்து நிமிடம் கேபின் முழுவதும் ஆடும். நிமிடத்துக்கு 650 சுற்றில் நிற்க வேண்டிய முள் 500க்கு இறங்கும், அணைந்துவிடும் என்று நினைக்கும்போது மறுபடி ஏறும். சூடான பிறகு ஓரளவு அடங்கும். ஆனால் லோடோடு மேடு ஏறினால் மூன்றாவது கியரிலேயே திணறும். மிதித்தாலும் கரும்புகை வராது. அந்தக் குறியை அப்போதே மதித்திருக்க வேண்டும். காற்று போதாவிட்டால் டீசல் சரியாக எரியாமல் புகை கறுக்கும். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசலே போதுமான அளவுக்குப் போகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு குறியையும் கோட்டைவிட்டேன். ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் சற்றுத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது பழைய வழக்கம். (இன்லைன் பம்பிலேயே கையுறையும் கண்ணாடியும் வேண்டும். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலை ஒரு பொதுக் குழாயில் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் காமன் ரயில் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது.) இன்று இரண்டாவது சிலிண்டர் சோம்பேறி, நாளை ஐந்தாவது. நாசில் கெட்டிருந்தால் தினமும் ஒரே சிலிண்டர்தான் நொண்டியிருக்கும். நோய் இடம் மாறிக்கொண்டே இருந்தால் அது ஆறுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. இது புரிவதற்குள் நாசில்கள் மாறிவிட்டன. அடுத்து, "பம்பை இறக்கிவிடலாம்" என்றார் மெக்கானிக். ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு இதை வாங்கினேன்.

பெட்டிக்குள் இருந்தவை: உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய் இரண்டு துண்டு, உறிஞ்சலை அளக்கும் ஒரு வாக்குவம் கேஜ், அதற்கு மூன்று மீட்டர் குழாய், ஒரு பிரஷர் கேஜ், 12, 14, 16 மில்லிமீட்டர் பேன்ஜோ இணைப்புகள் (துளையிட்ட போல்ட்டால் இறுக்குபவை), ஒரு டி இணைப்பு, கிளிப்புகள், ரிட்டர்ன் (இன்ஜெக்டர்கள் திருப்பி அனுப்பும் டீசல்) அளக்க ஆறு சிறிய பாட்டில்கள். கூடவே ஒரு விளக்கத்தாள். அதில் குழாயை ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் மாட்டச் சொல்லிப் படம் போட்டிருக்கிறார்கள். அங்கே மாட்டினால் குமிழ் வருகிறது என்று மட்டும் தெரியும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. படத்தை ஒதுக்கிவிட்டு, டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்புக்குள் டீசல் நுழையும் இடத்திலிருந்து தொடங்கி டேங்க்கை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் போக வேண்டும்.

முதல் நாளே ஏமாந்தேன். ஃபீட் பம்பின் வாயில் குழாயை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஊசி முனை அளவுக் குமிழ்கள் வரிசையாக ஓடின. பிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி கொஞ்ச நேரம்தான் நீடித்தது. குழாயின் கிளிப்பைச் சுற்றி கிரீஸை அப்பியதும் குமிழ் பாதியாகக் குறைந்தது. அதாவது பாதிக் காற்றைச் சோதனைக் கருவியே உள்ளே விட்டுக்கொண்டிருந்தது! உடன் வந்த கிளிப்புகள் மெல்லிய தகடு. இறுக்கினால் ஒரு பக்கம் கடிக்கின்றன, மறுபக்கம் தூக்கிக்கொள்கின்றன. பட்டையான நல்ல கிளிப்புகளைப் போட்ட பிறகுதான் இந்தப் பெட்டி சொல்வதை நம்ப முடிந்தது.

மீதிப் பாதி உண்மையான காற்று. குழாயை, தண்ணீரையும் கசடையும் பிரித்து அடியில் தங்கவைக்கும் செடிமென்டருக்கும் டேங்க்குக்கும் நடுவில் மாற்றினேன். டீசல் ஒரு குமிழ்கூட இல்லாமல் தெளிவாக ஓடியது. ஆகவே ஓட்டை செடிமென்டரிலோ அதற்கும் ஃபீட் பம்புக்கும் இடையிலோ இருக்க வேண்டும். செடிமென்டரின் கிண்ணத்தைக் கழற்றினேன். வெளியே ஒரு சொட்டு ஈரம் இல்லை, தூசிகூடக் காய்ந்தே படிந்திருந்தது. அதனால்தான் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அழுத்தம் உள்ள பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால் காற்று சத்தமில்லாமல் உள்ளே போகும். கிண்ணத்தின் ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தேன். தட்டையாகி, வளையல் போலக் கெட்டித்திருந்தது. லேசாக வளைத்ததும் இரண்டாக ஒடிந்தது.

இத்தனை சிறிய ஓட்டை ஆறு சிலிண்டரை ஆட்டுமா என்று கேட்கலாம். டீசல் எளிதில் அமுங்காது, காற்று அமுங்கும். என்னுடையதைப் போன்ற இன்ஜின்களில் நாசில் திறக்கவே சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். பம்பில் டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கு மேலே ஒரு குமிழ் நின்றால் அதை அமுக்குவதிலேயே அந்த அடியின் பலம் போய்விடுகிறது. நாசில் அரைகுறையாகத் திறக்கும், அல்லது திறக்கவே திறக்காது. ராத்திரியில் டீசல் பின்வாங்கி டேங்க்குக்கு இறங்கிவிடுவதால் காலையில் ஆட்டம் அதிகம்.

வளையம் மாற்றி, பிரைமர் என்ற கைப்பம்பால் அடித்துக் காற்றை எடுத்ததும் ஐட்லிங் 650இல் ஆணி அடித்தது போல் நின்றது. இழுவை மட்டும் திரும்பவில்லை.

இந்த இடத்தில்தான் வாக்குவம் கேஜ் தன் விலையைச் சம்பாதித்தது. வளையம் மாற்றுவதற்கு முன்பே ஒருமுறை அதை ஃபீட் பம்பின் வாயில் டி போட்டு மாட்டி, நீளக் குழாயை வெளியே இழுத்து, கண்ணாடித் தாங்கியில் கட்டி ஓட்டிப் பார்த்திருந்தேன். (டீசல் குழாயைக் கேபினுக்குள் கொண்டுவர வேண்டாம்.) லோடோடு மேட்டில் 0.25 பார் உறிஞ்சல் காட்டியது. வளையம் மாற்றிய பின் அதே மேடு, அதே லோடு: 0.4. பழுது பார்த்த பிறகு அளவு மோசமாகிவிட்டதே என்று ஒரு மாலை முழுவதும் குழம்பினேன். பிறகுதான் உறைத்தது. பழைய ஓட்டை வழியாகப் புகுந்த காற்று உறிஞ்சலைத் தணித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை அடைத்ததும் உண்மையான அடைப்பு தெரிந்தது. அந்த உறிஞ்சல்தான் நலிந்த வளையம் வழியாகக் காற்றை இழுத்தும் இருக்கிறது.

டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டினேன். முள் மாறவில்லை, எனவே மூடியின் காற்றுத் துளை அடைக்கவில்லை. டேங்க்குக்குள் இறங்கும் பைப்பை உருவியபோது அடிச் சல்லடை முழுக்கக் கறுப்பு வழுவழுப்பு. டேங்க்கின் அடியில் தண்ணீர் தங்கினால், அதுவும் டீசலும் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து இப்படிப் பாசி போலப் படியும். டேங்க்கைக் காலி செய்து கழுவி, சல்லடையைச் சுத்தம் செய்து, ஃபில்டர்களையும் மாற்றினேன். மேட்டில் இப்போது 0.1. நான்காவது கியரில் ஏறுகிறது. பம்ப் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. பிரஷர் கேஜ் வெறும் காட்சிப்பொருள். ஃபீட் பம்ப் விட்டு விட்டுத் தள்ளுவதால் முள் படபடக்கிறதே தவிர ஓர் எண்ணில் நிற்பதில்லை. அதிர்வை அடக்க உள்ளே கிளிசரின் ஊற்றிய கேஜ் கொடுத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் டீசலில் ஊறினால் மஞ்சளாகி விறைக்கிறது. சோதனை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், அதை நம்பி வண்டியை ஓட்டக் கூடாது. என் இரண்டு துண்டுகளில் ஒன்று மூன்றாம் மாதமே விரிசல் விட்டது, கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி மாற்றிக்கொண்டேன். ரிட்டர்ன் பாட்டில்கள் காமன் ரயில் வண்டிக்காரர்களுக்கு உதவும். எந்த இன்ஜெக்டர் அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது என்பது அங்கே பெரிய துப்பு. என் வண்டியில் அவற்றுக்கு வேலையில்லை. ஒன்றில் கிரீஸ் வைத்திருக்கிறேன்.

இன்லைன் பம்ப் வண்டி வைத்திருந்து, நாசிலுக்கும் பம்புக்கும் கை போகும் நிலையில் இருப்பவர்கள் முதலில் இதை வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். கிளிப்புகள் ஒழுங்காக இருந்திருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.