குதிரைக்கு இதயத்துடிப்பு பெல்ட்: உப்புக்காற்றில் கட்டிப் பார்த்த அனுபவம்

தொண்டியிலிருந்து மச்சான் போன் பண்ணினான். என் பந்தயக் குதிரை செவலைக்கு ஆன மாதிரியே அவன் குதிரைக்கும் முன்னங்காலில் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார், கிழிந்து மாதக்கணக்கில் லாயத்திலேயே நிற்கிறது. இப்போதுதான் டாக்டர் கையில் பிடித்து நடத்தலாம் என்றிருக்கிறார். “செவலைக்குக் கட்டுறியே ஒரு துடிப்பு பெல்ட், விலை குறைஞ்சிருக்காம். வாங்கட்டுமா?” என்று கேட்டான். நேற்றுதான் அந்தப் பெல்ட்டின் பட்டன்களை ராமநாதபுரத்தில் பை தைப்பவரிடம் கொடுத்து மறுபடி மாற்றி வாங்கி வந்தேன். அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

குதிரையின் நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற பெல்ட் இது. அடியில் தோலைத் தொடும் இரண்டு மின்முனைகள் துடிப்பைப் பிடிக்கும், பட்டன்களில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர் அதை நம் கையிலுள்ள திரைக்கு அனுப்பும். அதோடு வந்த தாளில் ‘ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசவும்’ என்று ஒரு வரி இருக்கிறது. என் ஆத்திரம் முழுக்க அந்த ஒரு வரி மேல்தான். எங்கள் வீட்டு போரில் வருவது உப்புத் தண்ணீர். காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைக்க வேண்டும், வராத நாளில் குடத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். குடிக்க வாங்கிய தண்ணீரில் குதிரை பெல்ட்டை அலசினால் வீட்டில் யார் பொறுப்பார்கள்? குதிரையின் வியர்வை உப்பு, காற்று உப்பு, கழுவுகிற தண்ணீரும் உப்பு. டிரான்ஸ்மிட்டர் மாட்டுகிற அந்த இரண்டு பட்டன்களின் விளிம்பு முதலில் வெள்ளையாகப் பொரியும், அப்புறம் பச்சைக் களிம்பு ஏறும், கடைசியில் துணியோடு கழன்று கையில் வரும். அதற்கு முன்பே எண்கள் உளறத் தொடங்கிவிடும். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்புதான். வேப்பமர நிழலில் வைக்கோல் மென்றுகொண்டிருக்கும் செவலைக்கு இது 180 காட்டும். இவ்வளவு விலை வைக்கிறவர்கள் துருப்பிடிக்காத ஒரு பட்டன் வைக்கக் கூடாதா?

இன்னொன்று, கடலுக்குள் இது செத்துவிடும். அரியமான் பக்கம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழமில்லாமல் அலையடங்கி இருக்கும். காலுக்குக் குளிர்ச்சி, தண்ணீரை எதிர்த்து நடப்பதால் உடம்புக்கும் நல்ல வேலை. தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கிற மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத் தென்கடல் பொங்கினாலும் வடகடலில் குதிரையை இறக்கலாம், வடகிழக்கு வாடைக்காற்று தொடங்கினால்தான் அதுவும் போச்சு. ஆனால் வயிறு நனையும் ஆழத்துக்குப் போனதும் உப்புத் தண்ணீர் இரண்டு மின்முனைகளையும் ஒன்றாக இணைத்துவிடும், சிக்னலும் தண்ணீரைத் தாண்டி வராது. இதயம் அதிகம் உழைக்கிற இடத்தில்தான் திரை காலியாக இருக்கிறது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஈரமணலில் செவலை நடக்கும்போது துடிப்பு எப்போதும் 60, 70 என்று நிற்கும். ஒரு நாள் அதே மணல், அதே நடை, ஆனால் எண் 90-ஐத் தாண்டியது. பட்டன்தான் போய்விட்டது என்று நினைத்து, மின்முனை தொடும் இடத்தில் தண்ணீர் ஊற்றி முடியை நனைத்துவிட்டு மறுபடி நடத்தினேன். எண் இறங்கவில்லை. நொண்டல் துளியும் இல்லை. குனிந்து இரண்டு முன்னங்கால்களையும் பின்பக்கமாகத் தடவிப் பார்த்தால், பழைய காயம் இருந்த இடத்தில் மட்டும் சூடு. அங்கேயே நிறுத்திவிட்டுக் கூட்டி வந்தோம். டாக்டர் பார்த்துவிட்டு நடை நேரத்தைப் பாதியாக்கினார். வலி இருந்தால் கால் காட்டுவதற்கு முன்பே இதயம் காட்டிவிடக்கூடும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். இன்னும் சில நாள் அப்படியே நடத்தியிருந்தால் செவலையின் பந்தயக் காலம் அதோடு முடிந்திருக்கும்.

வெயில் நேரத்தில் வேலை செய்தும் பெல்ட்டின் அடி காய்ந்தே இருந்தால் உடனே தோலைத் தொட்டுப் பாருங்கள். வெக்கையும் ஈரமும் சேர்ந்த நம் கரை மாதிரி இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். உடம்புச் சூடு இறங்க வழியிருக்காது, உயிருக்கே ஆபத்து.

ஆனால் இந்த எண்கள் நன்றாக இருக்கும்போதுதான் எனக்குப் பயம். துடிப்பு அழகாக இறங்குவதைப் பார்த்ததும் வண்டிப் பந்தயக்காரர்கள் “பூட்டிப் பாருண்ணே” என்று நிற்பார்கள். மூச்சும் தசையும் சில மாதத்தில் திரும்பிவிடும். தசைநாண் ஆற 9 முதல் 12 மாதம், சில குதிரைகளுக்கு அதற்கும் மேல். ஆறிய இடத்தில் இருப்பது தழும்பு, பழைய நெகிழ்வு அதற்குக் கிடையாது. அதன் இழைகள் ஒழுங்காக அடுக்கி அமைய, வாரத்துக்குச் சில நிமிடங்களாக நடையைக் கூட்டி, கெட்டித் தரையில் அளவாகப் பாரம் கொடுக்க வேண்டும். கால் புதையும் காய்ந்த மணல் கூடவே கூடாது. வடகடலில் ஏற்ற இறக்கம் குறைவு என்பதால் கெட்டியான ஈரமணல் ஒரு குறுகிய பட்டைதான் கிடைக்கும், அதைவிட்டு விலகாமல் நடத்த வேண்டும். ஓய்வில் குறைத்த கொள்ளுத் தீனியையும் அவசரப்பட்டு அள்ளிப் போடக் கூடாது. இதில் எதுவும் பெல்ட்டுக்குத் தெரியாது. இதயம் தயார் என்று மட்டும் சொல்லும். கால் தயாரா என்று ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

மச்சான், உனக்கு என் பதில்: வாங்காதே. ஸ்டெதஸ்கோப் சில நூறு ரூபாய். இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் வைத்து 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்கு. வேலை முடிந்து 10 நிமிடத்தில் 60-க்குக் கீழே வரவில்லை என்றால் அன்றைக்குக் கொடுத்த வேலை அதிகம். காலையும் மாலையும் இரண்டு கால்களையும் கையால் தடவிப் பார். அன்றைக்கு அந்த 90-ஐ ஸ்டெதஸ்கோப் பிடித்திருக்குமா என்றால், பிடித்திருக்காது. குதிரை நின்றதும் துடிப்பு சரசரவென்று இறங்கிவிடும், நடக்கும்போது பார்க்க பெல்ட்தான் வேண்டும். அது தெரிந்துதான் சொல்கிறேன், இந்தப் பட்டனுக்கு நீ காசு கொடுக்காதே. செவலைக்கு அடுத்த ஸ்கேன் முடியட்டும், என் பெல்ட்டையே தருகிறேன். பட்டன் புதுசு, கொஞ்ச நாள் தாங்கும்.