பணமா, ஒப்பந்தமா, மாணவர் சேவையா: பல்கலைக்கழகம் ஊரோடு ஒத்துப்போக எது உதவும்?

வளாகத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் உரசல் முற்றியபிறகு நிர்வாகங்கள் கையில் எடுக்கும் வழிகள் ஐந்துதான்: நகராட்சிக்குப் பணம், எழுத்து ஒப்பந்தம், மாணவர் சேவை, ஊர் கேட்கும் ஆய்வு, தொடர்பு அலுவலகம். ஐந்தையும் ஒரே கேள்வியை வைத்து அளக்கலாம். ‘இது எங்களுக்கு வேண்டாம்’ என்று ஊர் சொன்னால் அந்தத் திட்டம் நிற்குமா?

பணம் கொடுப்பது இருப்பதிலேயே சுலபம். சொத்துவரி விலக்கு பெற்ற பல்கலைக்கழகம், தானாக முன்வந்து நகரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் இதற்கொரு சூத்திரமே வைத்திருக்கிறது: விலக்கு இல்லாவிட்டால் வந்திருக்கும் வரியில் 25 சதவீதம் கேட்கப்படும், அதில் பாதிவரை ஊருக்குச் செய்த நற்பணிகளைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். யேல் பல்கலைக்கழகம் 2021-இல் நியூ ஹேவன் நகரத்துக்கு ஆறு ஆண்டுகளில் சுமார் 135 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. தொகை பெரிதுதான். ஆனால் அது போய்ச் சேரும் இடம் நகரத்தின் பொதுக் கணக்கு. இரவுச் சத்தம், வண்டி நிறுத்தம், வாடகை ஏற்றம் எல்லாம் வளாகத்தை ஒட்டிய நான்கு தெருக்களில். அந்தத் தெருக்காரர் கண்ணில் ஒரு காசும் படாது. (பணத்தால் பகை தீராது என்பதற்கு ஆக்ஸ்போர்டு பழைய சாட்சி. 1355-இல் ஊராருக்கும் மாணவருக்கும் மூண்ட கலவரத்துக்குத் தண்டமாக ஊர் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 63 பென்னி கட்டிவந்தது, கொல்லப்பட்ட ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பென்னி வீதம். 1825-இல் மேயர் மறுக்கும்வரை அது ஓடியது.)

ஒப்பந்தத்துக்குப் பல் உண்டு. பல்கலைக்கழகம் புதிதாக நிலம் எடுக்கும்போதோ கட்டடம் எழுப்பும்போதோ மட்டுமே இது பலிக்கும், ஏனென்றால் ஊரின் சம்மதம் அப்போதுதான் தேவைப்படுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகம் நியூயார்க்கின் மேற்கு ஹார்லெம் பகுதியில் விரிவடைந்தபோது 2009-இல் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 150 மில்லியன் டாலர். தொகையைவிட அங்கே கவனிக்க வேண்டியது பெறும் கை. ஊர் சார்பில் கையெழுத்திட்ட அமைப்பிடமிருந்து பணத்தைப் பெறும் பொறுப்பு பின்னாளில் வேறோர் அமைப்புக்கு மாறியது. கையெழுத்துக்கு முன்பே மூன்று விஷயங்கள் முடிவாக வேண்டும்: ஊர் சார்பில் யார் கையெழுத்திடுவது, அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், பணம் எந்த ஆண்டு எந்தத் தலைப்பில் வரும். ‘உள்ளூர்க்காரருக்கு வேலை’ என்று மட்டும் எழுதினால் அது வெறும் பேச்சு. எத்தனை வேலை, எந்தத் தரத்தில், எந்தத் தெருவரை ‘உள்ளூர்’, தவறினால் என்ன என்பதெல்லாம் அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

நல்லது செய்வதாலேயே வரும் கேடும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் துணையோடு மேற்கு ஃபிலடெல்ஃபியாவில் 2001-இல் திறந்த பொதுப்பள்ளி நன்றாகவே நடந்தது. அதனால் அந்தப் பள்ளியின் எல்லைக்குள் வீட்டுவிலை ஏறியது. பள்ளி, பூங்கா எது வந்தாலும் பழைய குடித்தனக்காரருக்கான வாடகைப் பாதுகாப்பும் அதே ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

மாணவர் சேவைதான் அதிகம் நடப்பதும் அதிகம் சொதப்புவதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 வார செமஸ்டரில் முதல் மூன்று வாரம் ஏற்பாட்டிலேயே போகும், கடைசி இரண்டு வாரம் தேர்வுக்கு. மிச்சம் பத்து வாரம், வாரம் இரண்டு மணி நேரம் என்றால் ஒரு மாணவர் தருவது 20 மணி நேரம். அவரைப் பழக்கவும் மேற்பார்வையிடவும் உள்ளூர் அமைப்பின் ஊழியர் ஆறேழு மணி நேரம் செலவிட்டால், மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கரைகிறது. வேலை பழகும் நேரத்தில் அந்த மாணவர் கிளம்பிவிடுவார். அடுத்த செமஸ்டரில் இன்னொருவர், முதலிலிருந்து. இதற்கு மருந்து ஆள் எண்ணிக்கையைக் குறைத்து காலத்தைக் கூட்டுவது. முப்பது பேருக்குப் பதில் எட்டுப் பேர், இரண்டு செமஸ்டர், ஒரே இடம், போகும்போது அடுத்தவருக்கு எழுத்தில் ஒப்படைப்பு. இன்னொரு நோய் சர்வே. மூன்று துறைகள் ஒரே தெருவில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, முடிவைச் சொல்ல ஒருவரும் திரும்பி வருவதில்லை. நான்காவது முறை கதவு திறக்காததற்கு ஊரைக் குறை சொல்ல முடியாது. எந்தத் துறை எங்கே ஆய்வு செய்கிறது என்று பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே பதிவேடு இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

சேவையைத் தலைகீழாகத் திருப்பினால் கிடைப்பது ‘அறிவியல் கடை’. 1970-களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் தொடங்கிய முறை. இங்கே கேள்வியை ஊர் கொண்டுவரும்: கிணற்று நீர் ஏன் நாறுகிறது, இந்தச் சாலையில் சத்தம் எவ்வளவு. கேட்பவருக்கு ஆய்வுக்குப் பணம் கட்ட வசதி இருக்கக் கூடாது, வணிக நோக்கம் இருக்கக் கூடாது, முடிவைப் பயன்படுத்தும் திறன் இருக்க வேண்டும் என்பவை அன்றைய நிபந்தனைகள். மூன்றும் இன்றும் சரியே. கேள்வியை ஆய்வுக்கேற்ற வடிவில் செதுக்கவே சில வாரங்கள் ஆகும். பிறகு ஒரு பேராசிரியரின் கீழ் மாணவர் அதைத் தன் ப்ராஜெக்டாகச் செய்வார். இடறும் இடங்கள் இரண்டு. அவசரக் கேள்விக்கு ஆறு மாதம் கழித்துப் பதில் வரும். பதில் கேட்டவருக்கே பாதகமாகவும் வரலாம், ஆகவே எந்த முடிவானாலும் வெளியிடப்படும் என்று முதல் நாளே எழுதி வாங்க வேண்டும்.

புதுக் கட்டடத் திட்டம் கையில் இருந்தால் ஒப்பந்தம், இல்லாவிட்டால் அறிவியல் கடை என்பது எங்கள் தேர்வு. ஒன்றுக்கு ஊரின் சம்மதம் வேண்டும், மற்றதில் கேள்வியே ஊருடையது; ஆகவே ஊர் ‘வேண்டாம்’ என்றால் நிற்கக்கூடியவை இவைதான். இரண்டுக்கும் அடியில் தொடர்பு அலுவலகம் இருந்தாக வேண்டும். குப்பைப் புகாருக்கே பதில் வராத இடத்தில் கூட்டு ஆய்வு பேச யாரும் வரமாட்டார்கள். இந்த அலுவலகத்தை மக்கள் தொடர்புத் துறையின் கீழ் வைத்தால் புகைப்படம்தான் மிஞ்சும். பதிவாளரின் கீழ் வைத்து, விடுதிக் காப்பாளரையும் பாதுகாப்புப் பிரிவையும் நேரடியாகக் கேள்வி கேட்கும் அதிகாரம் கொடுக்க வேண்டும். மாதக் கூட்டம் வளாகத்துக்கு வெளியே, வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில். அந்தக் கூட்டத்தின் உறுப்பினரில் பாதிப் பேர் ஊர் தானே தேர்ந்தவர்கள். ஒவ்வொரு புகாருக்கும் எண், இரண்டு நாளில் பதில். புது மாணவர்கள் ஆண்டுதோறும் வருவதால் கல்வியாண்டின் முதல் ஆறு வாரத்துக்கு இரவு ரோந்துக்குக் கூடுதல் ஆள். புகார் எண்ணை இரவு இரண்டு மணிக்கு யாராவது எடுக்கிறார்களா என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் மாதம் ஒருமுறை தானே அழைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.