ரேடியேட்டர் விசிறி ரிலேக்கு எது பொருந்தும்: தடையியா, டயோடா?

மாலை நெரிசலில் கொழும்பின் காலி (Galle) வீதியில் ஊர்ந்து செல்லும் காரின் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை, ஏ.சி.யும் இயங்கிக்கொண்டிருக்கும். எனவே விசிறியின் ரிலே (சிறு மின்னோட்டம் பாயும் சுருளால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் காந்தச் சுவிட்ச்) ஓயாமல் இணைந்தும் விலகியும் உழைக்க வேண்டியுள்ளது. அந்த ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே எதை இணைப்பது என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கையில் அகப்படும் டயோடு (மின்னை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் பாகம்) ஒன்றை வைத்துவிட்டுப் போவதே வழக்கமாக உள்ளது.

12 வோல்ட் வாகன ரிலேயின் சுருள் பெரும்பாலும் 85 முதல் 90 ஓம் வரையான தடை கொண்டது. என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் அதனூடாக ஏறத்தாழ 0.16 அம்பியர் பாயும். ரேடியேட்டரின் சூட்டுக்கேற்ப ரிலேயை இயக்கும் வெப்பச் சுவிட்ச் திறக்கும் கணத்தில் சுருளின் காந்தப்புலம் சரிவதால், எதிர்த்திசையில் நூற்றுக்கணக்கான வோல்ட் எழக்கூடும். சுவிட்சின் தொடுமுனைகள் கருகுவதற்கும், அருகிலுள்ள இலத்திரனியல் பாகங்கள் பாதிக்கப்படுவதற்கும் இது காரணமாகிறது.

டயோடு இந்த எழுச்சியை ஒரு வோல்ட்டுக்குள் அடக்கிவிடும். அந்த வகையில் அதற்கு நிகரில்லை. இருப்பினும், சுருளின் மின்னோட்டம் டயோடு வழியே சுற்றிச்சுற்றி மெதுவாகவே தணிவதால், ரிலே விலக எடுக்கும் நேரம் பல மடங்கு நீள்கிறது. சில மில்லி செக்கன்தானே என்று தோன்றலாம். நேரத்தைவிட ரிலேயின் நாக்கு (தொடுமுனையைத் தாங்கி அசையும் தகடு) விலகும் வேகமே இங்கு முக்கியமானது. விசிறி மோட்டர் புறப்படும்போது வழமையான மின்னோட்டத்தைப் போல் பல மடங்கை இழுக்கும். அப்போது தொடுமுனைகள் சிறிதளவு உருகி ஒட்டிக்கொள்வதுண்டு. விரைந்து விலகும் நாக்கு அந்த ஒட்டலை உடைத்துவிடும். டயோடால் தளர்ந்து விலகும் நாக்குக்கு அந்த உதறல் போதாமல் போகலாம். ஒட்டல் நிலைத்துவிட்டால், நேரடியாகப் பற்றரியிலிருந்து மின் பெறும் விசிறி இரவு முழுவதும் சுழன்று பற்றரியை வெறுமையாக்கிவிடும்.

680 ஓம் தடையி வேறு வகையில் நடந்துகொள்கிறது. மின்னோட்டம் அதனூடாகப் பாய்கையில் எழும் எதிர் அழுத்தம் 0.16 × 680, அதாவது ஏறக்குறைய 109 வோல்ட். டயோடைவிட இது மிக அதிகமென்றாலும், சுருளின் ஆற்றல் விரைவில் கரைந்துவிடுவதால் ரிலே விலகும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. 470 ஓம் எடுத்தால் எழுச்சி 75 வோல்ட்டாகக் குறையும், வெப்பம் கூடும். தடையியின் குறை, ரிலே இயங்கும் நேரமெல்லாம் அதுவும் மின் குடிப்பதுதான்: 14 வோல்ட்டில் 680 ஓமுக்கு 0.29 வாட். அரை வாட் தடையி போதும் என்று எண்ணத் தோன்றும். சாதாரண கார்பன் தடையியின் வாட் அளவு 70 பாகை செல்சியஸ் வரைதான் முழுமையாகச் செல்லும். அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து 155 பாகையில் பூச்சியமாகிறது. என்ஜின் அறையில் 100 பாகை நிலவினால் அரை வாட் தடையி 0.32 வாட்டுக்கு மட்டுமே தகும். ஆகவே ஒரு வாட் தடையியே வாங்கத்தக்கது; கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் இதற்கான விலை வித்தியாசம் பேசத்தக்கதன்று.

தடையிக்குத் திசை இல்லை என்பதும் நம் நிலைமையில் சிறிய விடயமன்று. வாகன மின்முனைகளுக்கு எண்ணிடும் ஜெர்மன் தரமான டின் 72552-இன்படி, சுருளின் 86 நேர் முனை, 85 எதிர் முனை. டயோடு உள்ள ரிலேயில் டயோடின் கோடிட்ட முனை 86-இல் இருக்க வேண்டும். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய சொக்கெட்டில் இவ்விரு வயர்களும் இடம் மாறியிருந்தால், டயோடு குறுஞ்சுற்றாகிப் பியூஸையோ வெப்பச் சுவிட்சையோ எரித்துவிடும்.

இவற்றையெல்லாம் கருதி, ரேடியேட்டரில் திருகப்பட்ட வெறும் வெப்பச் சுவிட்ச் ரிலேயை இயக்கும் காரில் தடையியையே நான் தேர்வேன். என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் டிரான்சிஸ்டர் ரிலேயை இயக்கினால் முடிவு தலைகீழாகிறது: 109 வோல்ட்டுடன் பற்றரியின் 14 வோல்ட்டும் சேர்ந்து டிரான்சிஸ்டர் மீது விழும், 60 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர் அதில் பிழைக்காது. அங்கு டயோடே வேண்டும். டயோடுடன் 24 வோல்ட் செனர் டயோடு (குறித்த வோல்ட்டை எட்டியதும் எதிர்த்திசையிலும் மின்னை விடும் டயோடு) ஒன்றை எதிர்த்திசையில் தொடராக இணைத்தால், டிரான்சிஸ்டர் மீது 40 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. ரிலேயும் ஏறத்தாழத் தன் இயல்பான வேகத்திலேயே விலகும். சற்று மெனக்கெடத் தயாராக உள்ளவருக்கு இதுவே ஆகச் சிறந்த தெரிவு.

எந்த டயோடு என்பதில் நீண்ட வாதம் தேவையில்லை. 1என்4148 சிறு மின்னோட்டத்துக்கானது, 0.16 அம்பியர் அதன் எல்லையை நெருங்கிவிடுகிறது. 1என்4001 தாங்கும் 50 வோல்ட், வாகன மின்சுற்றின் திடீர் எழுச்சிகளுக்குக் குறைவு. ஒரு அம்பியரும் 1000 வோல்ட்டும் தாங்கும் 1என்4007 போதுமானது. ஏ.சி. சைகையும் வெப்பச் சுவிட்சும் ஒரே ரிலேயை இயக்க வேண்டுமானால், ஒன்றின் மின் மற்றொன்றுக்குள் புகாதிருக்க ஒவ்வொன்றின் வழியிலும் இதே டயோடை வைக்கலாம். இவ்வேலையைத் தடையியால் செய்ய இயலாது.

விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓட்ட மோட்டருடன் தொடராக இணைக்கும் தடையி, சுருளுக்குக் குறுக்கே வைப்பதிலிருந்து முற்றிலும் வேறு இனம். 0.5 ஓம் தடையியினூடாக 10 அம்பியர் பாய்ந்தால் 50 வாட் வெப்பம் வெளிப்படும். அதனால்தான் உற்பத்தியாளர் அதனை விசிறிக் காற்று படும் இடத்தில் பொருத்துகிறார். கடையில் கிடைக்கும் 10 வாட் வெள்ளைச் சீமெந்துத் தடையியை மாற்றாக வைப்பது தீ விபத்தை அழைப்பதாகும். இரட்டை விசிறி கொண்ட கார்களில் குறைந்த வேகத்துக்கு இரு மோட்டர்களையும் தொடராகவும், கூடிய வேகத்துக்குச் சமாந்தரமாகவும் இணைக்கும் மூன்று ரிலே முறை, வெப்பமாக எதையும் வீணாக்காது. ஆயினும் ஒரு மோட்டர் பழுதடைந்தால் குறைந்த வேகத்தில் இரண்டும் நின்றுவிடும். நகர நெரிசலில் ஏ.சி.யுடன் ஓடும் காருக்கு அந்த இடர் சிறிதன்று என்பதால், இவ்விடத்தில் உற்பத்தியாளரின் அசல் தடையியே என் தெரிவு.