தமிழ்க் கடுதாசிகளுக்கு இ-டிஸ்கவரி: கும்பகோணத்தில் சில வருட உபயோகம்

வழக்குக்கு வேண்டிய மின்னஞ்சல், கைபேசிச் செய்தி போன்ற மின்னணு ஆவணங்களைத் திரட்டித் தேடித் தரும் இ-டிஸ்கவரி மென்பொருள் வாங்கலாமா என்று தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கத்து வக்கீல் நண்பர்கள் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கட்சிக்காரர் எழுதுவதில் ஆங்கிலம் எவ்வளவு, தமிழ் எவ்வளவு? என் சிபாரிசு அதைப் பொறுத்தது.

நான் இதைக் கற்றுக்கொண்டது சென்னையில், அமெரிக்க வழக்குகளுக்கு டாக்குமென்ட் ரிவ்யூ பார்க்கும் ஒரு நிறுவனத்தில். அமெரிக்காவில் விசாரணைக்கு முன்பே இரு தரப்பும் ஆவணங்களை ஒருவருக்கொருவர் கொடுத்தாக வேண்டும். மின்னணுப் பதிவுகளும் இதில் அடக்கம் என்று 2006 டிசம்பரில் விதியைத் திருத்தி வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். திரையின் ஒரு பக்கம் மின்னஞ்சல், மறு பக்கம் பொத்தான்கள்: சம்பந்தம் உண்டு, இல்லை, வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம். நாள் முழுக்க அதே வேலை. ஒரு பகுதியை வக்கீல்கள் குறித்துக் கொடுத்தால், அதைப் பார்த்து மீதியை மென்பொருளே தரம் பிரிக்கும் முறையும் உண்டு. 2012ல் நியூயார்க் நீதிபதி ஆண்ட்ரூ பெக், டா சில்வா மூர் வழக்கில் அதை ஏற்றுக்கொண்டார். ஆங்கில மின்னஞ்சல் மலைபோல் குவிந்த இடத்தில் அது நன்றாகவே வேலை செய்தது.

கும்பகோணத்துக்கு வந்து ஒரு சீனியரிடம் சேர்ந்த பிறகு, இங்கேயும் தேவை வந்தது. 2015ன் வணிக நீதிமன்றச் சட்டம்தான் காரணம். 3 லட்ச ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறென்றால், நம் வசம் உள்ள சம்பந்தப்பட்ட ஆவணங்களையெல்லாம் பிராதோடு காட்டி, விட்டது எதுவும் இல்லை என்று சத்தியமும் செய்ய வேண்டும். கையில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் எப்படிச் சத்தியம் செய்வது? மாதச் சந்தாவுக்கு ஒரு மென்பொருளை எடுத்தோம்.

இதில் அதிகம் உழைத்தது ஒரு அரிசி ஆலைக் கூட்டாளிகளின் வழக்குக்கு. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மச்சானும் மச்சானும் முறைத்துக்கொண்டார்கள். வந்தவை இரண்டு கைபேசிகள், ஆலை கம்ப்யூட்டரின் டேலி கணக்கு, மின்னஞ்சல், ஒரு சாக்கு நிறைய எடைமேடைச் சீட்டு. ஒரே கோப்பு பல இடத்தில் இருந்தால் ஹாஷ் எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) வைத்து ஒன்றை மட்டும் நிறுத்திக்கொள்ளும் வசதி முதல் நாளே குவியலைக் கணிசமாகக் குறைத்தது. ஆனால் வாட்ஸ்அப் படத்தில் அது சறுக்கும். கேலரியிலிருந்து மறுபடி அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது. கண்ணுக்கு அதே சீட்டுதான், ஹாஷ் வேறு. காலை வணக்கப் படங்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் கையால்தான் ஒதுக்கினோம். சந்தா ஜிபி கணக்கில் என்பதால், வீடியோக்களை ஏற்றும் முன்பே பார்த்துக் கழித்துவிட வேண்டும்.

தேடல்தான் பெரிய தலைவலி. ஆங்கிலச் சொல்லின் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் அதன் எல்லா வடிவமும் வந்துவிடும். தமிழில் 'கடன்' என்று போட்டு நட்சத்திரம் வைத்தால் 'கடனை', 'கடனுக்கு' வராது. கணினியைப் பொறுத்தவரை 'ன்' மேலுள்ள புள்ளி தனிக் குறியீடு. வேற்றுமை உருபு சேர்ந்ததும் அது மறைந்துவிடுகிறது. புள்ளியை எடுத்துவிட்டு 'கடன' என்று தேட வேண்டும். சரி, 'பணம்' என்பதற்கும் அப்படியே 'பண' என்று போட்டால் பணி, பண்ணை, 'பண்ணுறேன்' எல்லாம் கொட்டுகிறது. கடைசியில் 'பணம்', 'பணத்த' என்று இரண்டாகப் பிரித்துத் தேடினோம். அதற்கு மேல் இளைய மச்சான் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர். காசு என்பதை மனம்போனபடி எழுதுவார். ஆலையின் பழைய கடிதங்கள் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்தன. மென்பொருளுக்கு அது ஏதோ ஆங்கிலக் கிறுக்கல். யூனிகோடுக்கு மாற்றி மறுபடி ஏற்றினோம். கையெழுத்துச் சீட்டில் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் வசதி) பேச்சே வேண்டாம். வாய்ஸ் நோட்டை எழுத்தாக்கும் வசதி டெல்டா பேச்சில் தடுமாறியது, உட்கார்ந்து கேட்டோம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் ஏன் வைத்திருக்கிறேன் என்றால், ஒரு விஷயத்துக்காக. 'சாமிக்கு எடுத்து வச்சது' என்று ஒரு செய்தி, பக்கத்தில் ஒரு தொகை. ஜூனியர் பையன் அதைக் கோயில் நன்கொடை என்று நினைத்து 'சம்பந்தமில்லை'யில் போட்டிருந்தான். எங்கள் குமாஸ்தா அண்ணன் நெல் மண்டியில் கணக்கெழுதியவர். எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது சாமி கணக்கு இல்லை, ஆசாமி கணக்கு" என்றார். கணக்குப் புத்தகத்துக்கு வராமல் ஒதுக்கிய பணத்துக்கு ஆலையில் அதுதான் பேச்சாம். அந்தத் தொடரைத் தேடலில் போட்டதும் இரண்டு கைபேசியிலும் இருந்தவை தேதி வரிசையில் வந்து நின்றன. அந்த வரிசையை டேலி பதிவுகளோடு ஒட்டிப் பார்த்தால், குறுவை அறுவடை சமயத்தில் மட்டும் இது கூடுவது தெரிந்தது. என்ன தேடுவதென்று அண்ணன் சொன்னார். தேடுவதை மென்பொருள் அசராமல் செய்தது. தானாகத் தரம் பிரிக்கும் வசதியை நாங்கள் தொடுவதே இல்லை. எங்கள் அளவுக்கு அது படிக்கப் போதுமான தீனி கிடையாது, தமிழும் ஆங்கில எழுத்தும் கலந்தால் அதன் மதிப்பெண் எதையும் நான் நம்பத் தயாரில்லை.

இன்னொரு உபயோகம் சான்றிதழ். 2014ல் அன்வர் வழக்கிலும் 2020ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவில் சான்றிதழ் இரண்டு பகுதி, ஒன்று தரப்பினருக்கு, மற்றது நிபுணருக்கு. ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். மென்பொருள் ஹாஷ் பட்டியலை ஒரு பொத்தானில் தருகிறது. ஆனால் மூலக் கோப்பை யாராவது திறந்து சேமித்துவிட்ட பிறகு ஏற்றினால் அந்த எண்ணால் பிரயோசனமில்லை. கட்சிக்காரர் கைபேசியைக் கொடுக்கும்போதே பிரதி எடுத்துக் குறித்துக்கொள்வது நல்லது. கைபேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

நிலப் பாகப்பிரிவினை வழக்குக்கெல்லாம் இது வேண்டாம். மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் ஒரு கட்டுக்குள் அடங்கும், மேசையில் பரப்பிப் பார்ப்பதே வேகம். நாங்களும் இப்போது தொடர்ந்து சந்தா கட்டுவதில்லை. வணிக வழக்கு வந்தால் மாதக் கணக்கில் எடுக்கிறோம், முடிந்ததும் எல்லாவற்றையும் ஹாஷ் பட்டியலோடு ஹார்ட் டிஸ்கில் இறக்கி வைத்துவிட்டுச் சந்தாவை நிறுத்திவிடுகிறோம்.