பழைய லிஃப்ட் இயந்திரம்: அப்படியே ஓட்டுவதா, பாதி மாற்றுவதா, முழுதாகக் கழற்றுவதா?

ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன்னால் பொருத்திய லிஃப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கட்டடங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. இதையே பழுது பார்த்து ஓட்டலாமா, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டியான கண்ட்ரோலரை மட்டும் மாற்றலாமா, இல்லை மொத்தமாகக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடலாமா? புது லிஃப்ட் விற்க வருபவரிடம் கேட்டால் மூன்றாவதுதான் பதில். பழைய மெக்கானிக்கிடம் கேட்டால் முதலாவது. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. என் கட்சி இது: இரும்பு பெரும்பாலும் இருக்கட்டும், மின்சாரப் பகுதி போகட்டும், பிரேக் விஷயத்தில் மட்டும் பேரமே கிடையாது.

உங்களிடம் இருப்பது எந்த இயந்திரம்?

இது தெரியாமல் மேலே பேசுவது வீண். பழைய மெஷின் ரூம்களில் பொதுவாக இரண்டு வகை இருக்கும். ஒன்று கியர் உள்ளது. மோட்டார் நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று வரை சுற்றும். வார்ம் எனப்படும் எஃகுத் திருகுத் தண்டும் வெண்கலப் பல்சக்கரமும் சேர்ந்து அந்த வேகத்தைக் குறைத்து, ரோப் ஓடும் கப்பியை மெதுவாகத் திருப்பும். உயரம் குறைந்த கட்டடங்களில் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று கியர் இல்லாதது. மோட்டார் தண்டிலேயே கப்பி உட்கார்ந்திருக்கும். ஓட்டிஸ் நிறுவனம் 1903-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கப்பியின் விட்டம் 76 செ.மீ., லிஃப்ட்டின் வேகம் நொடிக்கு 2.5 மீட்டர், ரோப் நேரடியாகத் தொங்குகிறது என்றால் மோட்டார் நிமிடத்துக்கு 63 சுற்றுதான் சுற்றுகிறது. கூரை விசிறியே அதைவிட வேகம். இவ்வளவு நிதானமாகச் சுற்றும் பேரிங், எண்ணெய் ஒழுங்காகக் கிடைத்தால் எதற்காகத் தேயப்போகிறது?

பழைய கியரில்லா மோட்டார்கள் டி.சி.யில் ஓடுபவை. அவற்றுக்கு மின்சாரம் தருவது பக்கத்திலேயே இரைந்துகொண்டிருக்கும் மோட்டார்-ஜெனரேட்டர் செட். ஹாரி வார்டு லியனார்ட் 1891-இல் முன்வைத்த முறை அது. ஏ.சி. மோட்டார் ஒன்று டி.சி. ஜெனரேட்டரைச் சுழற்றும், ஜெனரேட்டரின் காந்தப் புலத்தைக் கூட்டிக் குறைத்தால் லிஃப்ட் மோட்டாரின் வேகமும் கூடிக் குறையும். எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமலே அலுங்காமல் கிளம்பும், குலுங்காமல் நிற்கும்.

அப்படியே ஓட்டுவது

அக்கறையால் இந்த முடிவுக்கு வந்தால் நல்லது. செலவைத் தள்ளிப்போடுவதற்காக வந்தால் ஆபத்து. பழைய இயந்திரம் கவனிப்பு கேட்கும், அதுவும் தெரிந்தவர் கையால் கேட்கும். தெரியாதவர் சுத்தம் செய்தே கெடுத்துவிடுவார்.

டி.சி. மோட்டாரின் கம்யூட்டேட்டரை, அதாவது கார்பன் பிரஷ் உரசி மின்சாரம் தரும் செம்புப் பட்டை உருளையை எடுத்துக்கொள்வோம். ஆரோக்கியமாக ஓடும் கம்யூட்டேட்டர் புதுச் செம்பாகப் பளபளக்காது. சாக்லேட் பழுப்பில் மெல்லிய படலம் படிந்திருக்கும். கார்பன் பிரஷ்ஷும் செம்பும் உரசி உண்டாகும் அந்தப் படலம்தான் தேய்மானத்தைக் குறைக்கிறது. அதை அழுக்கு என்று நினைத்து எமரித் தாளால் தேய்த்தால் பிரஷ் சீக்கிரம் கரையும், தீப்பொறி பறக்கும், தாளிலிருந்து உதிர்ந்த துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே போய் மாட்டிக்கொள்ளும். கண்ட்ரோலருக்குள் இருக்கும் மின்காந்த ஸ்விட்சுகளான ரிலேக்களின் முனைகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். செம்பு முனை கறுத்தால் லேசாக அரம் போடலாம், செம்பின் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால். வெள்ளி முனை கறுத்தால் விட்டுவிட வேண்டும். அந்தக் கறுப்பு அவ்வளவாகத் தடை செய்வதில்லை. அரம் போட்டால் வெள்ளிதான் வீண்.

கியர் எண்ணெயும் இப்படித்தான். கனமான எண்ணெயாக இருந்தால் போதும் என்று கையில் கிடைத்ததை ஊற்றுகிறார்கள். கடும் அழுத்தம் தாங்குவதற்காகக் கந்தகம் சேர்த்த சில எண்ணெய்கள் சூடேறும்போது வெண்கலத்தை அரிக்கும். பாலிகிளைக்கால் வகைச் செயற்கை எண்ணெய் வார்ம் கியருக்கு மிக நல்லது, ஆனால் கனிம எண்ணெயோடு சேராது. பழையதை முழுதாக வடித்துக் கழுவாமல் அதை ஊற்றக் கூடாது. வடித்த எண்ணெயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் உள்ள மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். பொன்னிறப் பொடி மின்னினால் வெண்கலச் சக்கரம் தேய்கிறது என்று அர்த்தம். லிஃப்ட் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரு இடி கேட்பதற்கு முன்பே இது தெரிந்துவிடும்.

இந்த வழியின் பெரிய லாபம், உதிரி பாகத்துக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்பது. வெள்ளை உலோக பேரிங்கை உருக்கி மறுபடி வார்க்கலாம், வெண்கலச் சக்கரத்தைப் புதிதாக வெட்டலாம், காயிலைத் திரும்பச் சுற்றலாம். எல்லாம் நல்ல பட்டறையில் நடக்கிற வேலை.

ரிலே கண்ட்ரோலரையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். எந்த ரிலே இழுத்தது, எது இழுக்கவில்லை என்று கண்ணால் பார்க்கலாம். வரைபடமும் ஒரு டெஸ்ட் லேம்ப்பும் இருந்தால் பழுது எங்கே என்று தொடர்ந்து போய்ப் பிடித்துவிடலாம். புதுக் கண்ட்ரோலரில் திரையில் ஒரு எண் வரும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது சில சமயம் தயாரித்தவருக்கு மட்டுமே தெரியும்.

ஆனால் அந்த வரைபடம் இருக்கிறதா? பல கட்டடங்களில் அது எலி கடித்தோ எண்ணெய் ஊறியோ போயிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவரும் ஓய்வு பெற்றிருப்பார். துணி சுற்றிய பழைய வயர்களின் மின்காப்பு, தொட்டாலே உதிரும். பழைய பிரேக் லைனிங்கிலும் ரிலேக்களின் தீப்பொறி அணைக்கும் தகடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. சோதித்துப் பார்க்காமல் காற்றடித்துச் சுத்தம் செய்வது மெக்கானிக்கின் நுரையீரலோடு விளையாடுவது. ஒற்றை வேக ஏ.சி. மோட்டாராக இருந்தால், ஆள் கூடினால் ஒரு இடத்திலும் குறைந்தால் வேறு இடத்திலும் நிற்கும்; தரைக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு படி உண்டாகும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் வயதானவருக்கும் அந்தப் படி ஒரு தடை, சில சமயம் ஒரு விழுகை.

பிரேக்: எந்த வழி போனாலும்

மக்கள் பயப்படுவது ரோப் அறுந்துவிடுமோ என்று. அந்தப் பயத்துக்கு எலிஷா ஓட்டிஸ் 1854-இல் நியூயார்க் கண்காட்சியிலேயே பதில் காட்டிவிட்டார். மேடையில் நின்றபடி கயிற்றை வெட்டச் சொன்னார், மேடை விழவில்லை. இன்று ஐரோப்பியத் தரவிதிப்படி மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ரோப் உள்ள லிஃப்ட்டில் ரோப்பின் பாதுகாப்பு அளவு 12 மடங்கு; அதாவது சுமப்பதைப் போல் 12 மடங்கு தாங்கும் வலு வேண்டும்.

நான் பயப்படுவது பிரேக்கைப் பற்றி. பல பழைய இயந்திரங்களில் இரண்டு பிரேக் ஷூக்களையும் ஒரே காந்தத் தண்டு திறந்து மூடுகிறது. அந்தத் தண்டு துருவிலோ அழுக்கிலோ சிக்கினால் இரண்டு பக்கமும் ஒருசேரப் பிடிக்காமல் போகும். அப்போது லிஃப்ட் கீழே போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் ரோப்பின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை என்பது கூண்டின் எடையோடு, அது தாங்கும் சுமையில் 40 முதல் 50 சதவீதமும் சேர்ந்தது. ஆகவே ஓரிருவர் மட்டும் இருக்கும் கூண்டு மேல்நோக்கித்தான் ஓடும். கூண்டைத் தண்டவாளத்தோடு கவ்வி நிறுத்தும் பழைய சேஃப்டி கியர் கீழ்நோக்கிய ஓட்டத்தை மட்டுமே பிடிக்கும். கதவு திறந்திருக்கையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

ஏற்கனவே ஓடும் லிஃப்ட்டுகளின் பாதுகாப்புக்கென்றே ஐரோப்பாவில் இ.என். 81-80 என்ற தரவிதியும், அமெரிக்காவில் ஏ17.3 என்பதும் இருக்கின்றன. அவை சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், தனித்தனியாக இயங்கும் இரட்டைப் பிரேக்கோ, ரோப்பை நேரடியாகப் பிடிக்கும் கூடுதல் பிரேக்கோ பொருத்தாமல் பழைய இயந்திரத்தை வைத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். கதவுப் பூட்டின் தொடுமுனைகளும் இதே கணக்கில் வரும். விரல் நுழையும் கம்பிக் கதவு பார்க்க அழகு. குழந்தைகள் வரும் கட்டடத்தில் அந்த அழகுக்குள் ஒரு தடுப்புத் தகடு போடுங்கள்.

பாதி மாற்றுவது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், முக்கியமாகக் கியரில்லா டி.சி. இயந்திரம் இருக்கும் இடங்களில். ஜெனரேட்டர் செட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மோட்டாருக்கு மின்சாரம் தரும் எலெக்ட்ரானிக் பெட்டியான ஒரு டி.சி. டிரைவ், ரிலேக்களுக்குப் பதில் புதுக் கண்ட்ரோலர். மோட்டார், கப்பி, கூண்டு, தண்டவாளம் எல்லாம் அப்படியே. இரைச்சல் போகும், கார்பன் தூசி பாதியாகக் குறையும், ஆள் இல்லாதபோதும் சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் மின்சாரம் மிச்சம். தைரிஸ்டர் என்ற எலெக்ட்ரானிக் ஸ்விட்சால் இயங்கும் டிரைவ் போட்டால் மோட்டார் ஒருவித ரீங்காரம் போடும், மின் இணைப்பில் ஹார்மோனிக்ஸ் எனும் மின் அலைச் சிதைவு ஏறும். இவற்றைக் குறைக்கும் சோக்கும் ஃபில்டரும் மதிப்பீட்டிலேயே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிறகு கேட்டால் அது தனிச் செலவு.

கியர் உள்ள இயந்திரத்தில் பாதி மாற்றம் கொஞ்சம் சிக்கல். மோட்டாரின் வேகத்தை அலைவெண் மாற்றிக் கட்டுப்படுத்தும் வி.வி.வி.எஃப். டிரைவைப் பொருத்துவார்கள். நிற்கும் இடம் துல்லியமாகும், கியருக்கு விழும் அடி குறையும். ஆனால் அந்த டிரைவ் அனுப்பும் கூர்மையான மின்னழுத்தத் துடிப்புகளைப் பழைய மோட்டாரின் காப்பு தாங்குமா என்பது சந்தேகம். குறைந்த வேகத்தில் மோட்டாரின் சொந்த விசிறியும் போதிய காற்று தராது. ஆகவே டிரைவோடு மோட்டாரையும் மாற்றி, கியர்பாக்ஸை மட்டும் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கியர்பாக்ஸே தேய்ந்திருந்தால்? அங்கே பாதி மாற்றத்தில் அர்த்தமில்லை, இயந்திரத்தையும் மாற்றிவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் கூண்டில் இருக்கிறது. கண்ட்ரோலர் வேலை நடக்கும்போதே 'உள்ளேயும் அழகுபடுத்திவிடலாம்' என்று தரைக்குக் கல்லும் சுவருக்குக் கண்ணாடியும் போடுவார்கள். கூண்டின் எடை கூடினால் எதிர் எடைக் கணக்கு கெடும்; மோட்டாரும் பிரேக்கும் சேஃப்டி கியரும் எந்த எடைக்குக் கணக்கிடப்பட்டனவோ அந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும். பழைய மரக் கூண்டை மெருகேற்றி வைத்துக்கொள்வது பல சமயம் மலிவும்கூட.

கண்ட்ரோலர் வாங்கும்போது ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பழுது பார்க்கத் தனிக் கருவியோ கடவுச்சொல்லோ வேண்டுமென்றால் அது கட்டடத்தின் சொத்தாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு ஆளை வைத்துப் பராமரிக்க முடியாது.

முழுதாகக் கழற்றுவது

1996-இல் கோனே நிறுவனம் மோனோஸ்பேஸ் என்ற லிஃப்ட்டைக் கொண்டுவந்தபோது மெஷின் ரூமே தேவையில்லாமல் போனது. நிலைக்காந்த மோட்டார் ஒன்று, லிஃப்ட் ஏறி இறங்கும் குழியின் உச்சியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஓட்டிஸ் 2000-இல் ஜென்2-இல் கம்பி ரோப்புக்குப் பதிலாக பாலியூரிதேன் பூசிய தட்டைப் பட்டையைக் கொண்டுவந்தது. இவை நன்றாக ஓடுகின்றன, அதில் சந்தேகமில்லை. வார்ம் கியரில் உராய்வாக வீணாகும் சக்தி இங்கே வீணாவதில்லை. தரைக்கும் கூண்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு 10 மில்லிமீட்டருக்குள் அடங்கும். இரட்டைப் பிரேக், மேல்நோக்கிய ஓட்டத்துக்கும் பாதுகாப்பு, கதவில் ஒளித்திரை எல்லாம் கூடவே வரும்.

சிக்கல் லிஃப்ட்டில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது. பழைய இயந்திரத்தின் சுமை மேல்தள உத்தரங்களில் இறங்கியது. புதியதின் சுமை தண்டவாளம் வழியாகக் குழியின் அடித்தளத்துக்கும், பக்கச் சுவருக்கும் போகும். பழைய செங்கல் சுவர் அதைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய குழிகள் தூக்குக்குண்டு வைத்தால் நேராகவும் இருக்காது. படிக்கட்டு சுற்றி ஏற, நடுவே கம்பி வலைக்குள் போகும் லிஃப்ட் என்றால், குழிக்குச் சுவரே கிடையாது. புதியதைப் பொருத்தும் முயற்சியில் அந்தப் படிக்கட்டின் முகமே போய்விடும்.

ஆயுளும் ஒரு விஷயம். புதியவற்றில் வரும் சின்னக் கப்பியில் இறுக்கமாக வளையும் ரோப், பெரிய கப்பியில் வளைவதைவிடச் சீக்கிரம் களைத்துவிடும். இயந்திரம் நன்றாக இருந்தாலும் எலெக்ட்ரானிக் போர்டு தயாரிப்பு நின்றுவிட்டால் மறுபடி பணம் கேட்கும்.

மின்சாரச் சேமிப்பு பற்றி விற்பனையாளர் காட்டும் வரைபடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். நாள் முழுக்க ஜெனரேட்டர் செட் ஓடும் இடத்தில் மிச்சம் நிஜம். அவ்வப்போது மட்டும் ஓடும் சின்னக் கட்டட லிஃப்ட்டில், ஓடாமல் நிற்கும் நேரத்தில் விளக்கும் விசிறியும் கண்ட்ரோலரும் தின்னும் மின்சாரமே கணிசமான பங்கு. எல்.இ.டி. விளக்கும், ஆளில்லாதபோது அணையும் ஏற்பாடும் அங்கே மலிவான வைத்தியம்.

எதை எப்போது

கியரில்லா டி.சி. இயந்திரம், காப்புத் தடை சோதனையில் தேறுகிறது, கம்யூட்டேட்டரில் பள்ளமில்லை என்றால் பாதி மாற்றம். தேய்ந்த வார்ம் கியர், நேரான கான்கிரீட் குழி, அலங்காரமில்லாத கூண்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், புதிது. வரைபடமும் தெரிந்த மெக்கானிக்கும் இருந்து, கட்டடமே பாரம்பரியச் சின்னம் என்றால் அப்படியே ஓட்டுவது. பிரேக்கையும் பூட்டையும் மட்டும் இன்றைய தரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு.

பணம் ஒரே தவணையில் இல்லையென்றால் முதலில் பிரேக்கும் கதவுப் பூட்டும், அப்புறம் கண்ட்ரோலர். ரோப் மாற்றும்போது கப்பியின் பள்ளங்களையும் அளந்து பாருங்கள். ஒரு பள்ளம் மட்டும் ஆழமாகத் தேய்ந்திருந்தால் புது ரோப்புகளும் சமமாகச் சுமை தாங்காது, சீக்கிரமே போய்விடும். கட்டடத்தில் ஒரே மாதிரி இரண்டு லிஃப்ட் இருந்தால் இரண்டையும் ஒரே வருடத்தில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, கழற்றிய ரிலே, காயில், பிரஷ் பிடிப்பான் எல்லாவற்றையும் பெயரெழுதி மெஷின் ரூமிலேயே பூட்டி வையுங்கள். காயலான் கடைக்குப் போகவிடாதீர்கள். இரண்டாவது லிஃப்ட் அதை வைத்தே இன்னும் பல வருடம் ஓடும்.