மாத்தி ஒட்டின ஸ்டிக்கர், போன 92,000 ரூபாய்

கை இன்னும் நடுங்குது, அதனால எழுத்து முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. ஸ்டேஜ் சிலிண்டர் (பக்கத்துல மாட்டுற கூடுதல் சிலிண்டர்) கட்டிட்டு கடல்ல ஆழத்துக்கு டைவ் போறவங்க, போக ஆசைப்படுறவங்க கண்டிப்பா படிங்க.

இலங்கையில மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9 அன்னைக்கு ஜப்பான் விமானங்கள் மூழ்கடிச்ச பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மிஸ் கப்பல், 50 மீட்டருக்கும் கீழே கிடக்கு. அதைப் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. சென்னையில ஒரு டைவ் கடை, கலங்கல் தண்ணிப் பயிற்சியும் ஹெர்மிஸ் பயணமும் சேர்த்து 92,000 ரூபாய்னு சொன்னாங்க. மொத்தத்தையும் முன்கூட்டியே கட்டினேன்.

பயிற்சிக்குப் புதுச்சேரிக்கு வெளியே போனோம். மழை பெஞ்சு ரெண்டு நாள், தண்ணி டீ மாதிரி. நீட்டின கையே தெரியல. முதுகுல ரெட்டை சிலிண்டர், பக்கத்துல ரெண்டு: ஒண்ணு 50 சதவீத நைட்ராக்ஸ் (பாதி ஆக்சிஜன் இருக்கிற கலவை), மேல வரும்போது 21 மீட்டர்ல இதுக்கு மாத்திச் சுவாசிக்கணும். இன்னொண்ணு சுத்த ஆக்சிஜன், 6 மீட்டருக்கு மேல வந்தப்புறம்தான். சிலிண்டர்ல எத்தனை சதவீதம் ஆக்சிஜன்னு காட்டுற அனலைசர் கேட்டேன். "நாங்களே பாத்து ஒட்டிட்டோம் சார், நேரமாச்சு"ன்னு பையன் சிரிச்சான். நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்பை நினைச்சாத்தான் இப்போ என்மேலயே ஆத்திரம் வருது.

நல்லவேளை, கூட வந்த நண்பன் சொந்த அனலைசர் வச்சிருந்தான். படகுலயே சும்மா வச்சுப் பார்த்தான். 50னு ஒட்டினதுல 98.6 சதவீதம் காட்டுச்சு. காத்துல 20.9க்கு மறுபடி சரிபண்ணிப் பார்த்தோம், அதேதான். ரெண்டு ஸ்டிக்கரும் இடம் மாறியிருக்கு!

21 மீட்டர்ல அதை வாயில வச்சிருந்தா ஆக்சிஜன் அழுத்தம் 3.1 பார். தாங்குற எல்லையே 1.6. வலிப்பு வரும், சுவாசிக்கிற ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும், அவ்வளவுதான். கலங்கல்ல ரெகுலேட்டர் குழாயைக் கையால தடவிச் சிலிண்டர் வரைக்கும் போய் உறுதிபண்ணணும், ஜோடிக்காரன் விளக்கடிச்சு ஸ்டிக்கர்ல இருக்கிற நம்பரைப் படிக்கணும்னு இவங்கதான் சொல்லிக்கொடுத்தாங்க. நம்பரே பொய்னா தடவி என்ன பண்றது?

நான் இறங்கல. பணத்தைக் கேட்டேன். "நீங்கதான் கண்டுபிடிச்சிட்டீங்களே சார், ஒண்ணும் ஆகலையே"ன்னாங்க. அடுத்த நாள் "ஓனர் மாலத்தீவுல இருக்கார்." அதுக்கடுத்து "நீங்களா இறங்காம விட்டா ரீஃபண்ட் கிடையாது, ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க." நேத்து வாட்ஸாப் குரூப்ல இருந்தே தூக்கிட்டாங்க. 92,000 ரூபாய் சார். எனக்கு அது ரெண்டு மாசச் சம்பளம்.

விவரமா டிப்ஸ் எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், முடியல. சுருக்கமா: அனலைசர் உங்க கையில இருக்கணும். அதுல வர்ற நம்பரை நீங்களே எழுதி, பெருசா, உங்க ஜோடிக்காரனுக்குத் தெரியிற பக்கம் ஒட்டுங்க. மாத்துற வரைக்கும் வால்வ் மூடியே இருக்கட்டும். முழுப் பணத்தை முன்னாடியே கட்டாதீங்க, பில் வாங்குங்க. நான் வாங்கல. ஜிபே ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கு.